கைமாறும் பாடம்

தாம்பரம் வழியாக ரயிலில் போகிறவர்கள் காலை நேரங்களில் சிறிய பயிற்சி விமானமொன்று வட்டமடிப்பதைப் பார்த்திருப்பார்கள். யாரோ ஓர் இளைஞர் விமானம் ஓட்டப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டு நம் வேலைக்குத் திரும்பிவிடுவோம். உண்மையில் அந்த விமானத்தில் இருக்கும் இருவருக்கும் ஓட்டத் தெரியும். இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்த பள்ளி அது. போர் விமானமும் ஹெலிகாப்டரும் ஓட்டித் தேறியவர்கள் அங்கே மறுபடியும் மாணவர்களாக உட்கார்ந்து, பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கற்கிறார்கள். கடற்படையினரும் கடலோரக் காவல்படையினரும் நட்பு நாடுகளின் விமானிகளும்கூட அங்கே வந்து பயில்கிறார்கள்.

நன்றாக ஓட்டுகிறவருக்குக் கற்றுக்கொடுக்கவும் வரும் என்று எளிதில் நம்பிவிடாத பள்ளி அது. அந்த எச்சரிக்கை உணர்வை உலகம் நூறாண்டுக்கு முன் பல உயிர்களைக் கொடுத்துப் பெற்றது. விமானியாகும் கனவோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பயிற்சிப் பள்ளிகளின் வாசலில் நிற்கும் இந்நாளில், அந்தக் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ராணுவத்துக்கான விமானப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட், ஆவ்ரோ விமானமொன்றில் மூன்று மணி நேரம் பறந்துவிட்டு இறங்க வந்தார். வளைந்து இறங்கும்போது விமானம் மூக்கைச் சாய்த்துக்கொண்டு திருகுபோலச் சுழலத் தொடங்கியது. அந்தச் சுழலில் சிக்கி உயிர் பிழைத்து வந்து விவரம் சொன்னவர்கள் அதுவரை அநேகமாக இல்லை. பார்க் எவருக்கும் இயல்பாகத் தோன்றுவதைத்தான் முதலில் செய்தார். மூக்கைத் தூக்கக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தார். சுழலும் பக்கமாகவே வால் சுக்கானான ரடரை மிதித்தார். பயனில்லை. தரை நெருங்கிவிட்ட நிலையில், கடைசி முயற்சியாக எதிர்ப்பக்க ரடரை முழுக்க மிதித்தார். சுழற்சி நின்றது. தரைக்கு ஏறத்தாழ 50 அடி உயரத்தில் விமானம் நிமிர்ந்தது. கீழே நின்று பார்த்தவர்கள் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் பார்க் இறந்துபோனார். அவர் கண்டறிந்த பாடம் காகிதத்தில் தங்கியது. மற்ற விமானிகளின் கைகால்களுக்கு அது போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பயிற்சி விபத்துகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், சாதாரண இறக்கைக்கு ஏறத்தாழ 15 பாகை, மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துபோகிறது. தூக்கும் விசை சரிகிறது. இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்க இறக்கை மற்றதை முந்திக்கொண்டு சரிந்தால் அது ஸ்பின் ஆகிறது. ஸ்டாலிலிருந்து மீள ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுப் பிடியை, முன்னால் விட வேண்டும். விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை இன்னும் கீழே விட வேண்டும் என்று பொருள். விழும்போது கைக்கு எட்டியதைப் பற்றி இழுப்பது உடம்பின் சுபாவம். நடை பழகும் குழந்தைகூட அதைத்தான் செய்கிறது. அந்தச் சுபாவத்துக்கு எதிராகக் கையைப் பழக்குவதுதான் விமானப் பயிற்சியின் உயிர்நாடி.

இறங்க வரும் ஒரு மாணவரைப் பாருங்கள். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசி வளைவு. திருப்பம் சற்றுத் தாமதமாகிவிட்டது. ஓடுபாதை ஒரு பக்கமாகத் தள்ளித் தெரிகிறது. விமானத்தை இன்னும் சாய்க்கப் பயந்து, காலால் ரடரை அழுத்தி மூக்கைத் திருப்பப் பார்க்கிறார். மூக்கு தாழ்கிறது. கை தானாகப் பின்னால் இழுக்கிறது. வேகம் குறைவதை முள் காட்டுகிறது, ஆனால் மாணவரின் கண் ஓடுபாதையை விட்டு அகலவில்லை. உயரம் சில நூறு அடிதான். இங்கே ஸ்பின் வந்தால் மீள்வதற்கு இடமில்லை. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர், ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே வாங்கினால் மாணவர் தன் பிழையை உணரமாட்டார். தாமதித்தால் இருவரும் திரும்பமாட்டார்கள். அந்த ஓரிரு நொடிக் கணக்கை அறிந்தவரே பயிற்றுநர்.

முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டனில் இந்தக் கணக்கை யாரும் மதிக்கவில்லை. போர்முனையில் களைத்து, நரம்பு தளர்ந்து திரும்பியவர்களையும், தாங்களே நேற்றுத்தான் தேறியவர்களையும் பயிற்சி மைதானங்களுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்கள் மாணவர்களை ‘ஹன்’ என்று அழைத்தார்கள். எதிரியான ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்திருந்த வசைப்பெயர் அது. எதிரியைவிட மாணவன்தான் தன்னைக் கொல்லக்கூடியவன் என்ற பயம் அந்தப் பெயரில் இருந்தது. பயந்த ஆசிரியரிடம் படித்த மாணவன் பயத்தையே கற்றான். சில மணி நேரம் மட்டுமே பறந்த பையன்கள் பிரான்சின் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துப் பொறுக்காமல் மேலிடத்துக்கு எழுதியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 60ஆம் ஸ்குவாட்ரனின் தளபதியாக இருந்தவர். 1914இல் ஒரு விபத்தில் கால்கள் முறிந்து தேறியவர். சொன்னதைச் செய்து காட்டு என்று அவரை இங்கிலாந்தின் கோஸ்போர்ட் பயிற்சித் தளத்துக்கு அனுப்பினார்கள். 1917இல் அங்கே அவர் செய்த மாற்றங்கள் இன்று எளிமையாகத் தோன்றும். ஆவ்ரோ 504 விமானத்தில் இருவருக்கும் கட்டுப்பாடுகள் வைத்தார். மாணவரை முதல் நாளிலிருந்தே விமானியின் இருக்கையில் உட்காரவைத்தார். காற்றிரைச்சலில் பேச ஒரு பேச்சுக்குழாய் பொருத்தினார். வானிலேயே விளக்கம் சொல்ல முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லாமல், உயரத்தில் வேண்டுமென்றே அவற்றுக்குள் மாணவரைக் கொண்டுபோய் வெளியே வரக் கற்பித்தார். ஸ்பின் அதுமுதல் ஒரு பாடமானது. இந்த முறையைக் கற்பிக்க முதலில் ஆசிரியர்களையே பயிற்றுவித்தார். தாம்பரத்துப் பள்ளியின் வேர் அங்கே இருக்கிறது.

அதன் பிறகு வந்த பல முன்னேற்றங்களும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: இறந்தவருக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கத் தவறினோம்? 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டனில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. தரையில் நிற்கும்போது கட்டுப்பாட்டுப் பரப்புகள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் பிளோயர் ஹில், தேர்ந்த சோதனை விமானி. ‘அவர் மறந்துவிட்டார்’ என்று கோப்பை மூடியிருக்கலாம். எவரும் மறக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டதால் சரிபார்ப்புப் பட்டியல் பிறந்தது. பதறாத காரியம் சிதறாது என்பதை ஓர் அட்டையில் எழுதி விமானி கையில் கொடுத்தார்கள். ஆர்கன் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், அந்த இசைக்கருவியின் காற்றுத்துருத்திகளை வைத்தே தரையிலிருந்து பழகும் பயிற்சிக் கருவியைச் செய்தார். மேகத்துக்குள் திசை தெரியாமல் விழுந்து இறப்பதற்கு முன் தரையிலேயே தவறு செய்து பழக வழி பிறந்தது.

ஆசிரியரை மதிப்பது என்றால் அவரைக் கேள்வி கேட்காமலிருப்பது என்று ஆகிவிடக்கூடாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவின் மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வருமுன் ஓடத் தொடங்கிய விமானத்தின் கேப்டன், தன் நிறுவனத்தின் விமானப் பயிற்சிக்கே தலைவர். அருகில் இருந்த துணை விமானியைத் தேர்வு வைத்துத் தேர்ச்சி தந்தவரும் அவரே. ஓடுபாதை காலியாகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் எழுப்பினார். அழுத்திக் கேட்க அந்த விமானி அறையில் யாருக்கும் துணிவில்லை. இளையவர் வாய் திறக்கவும் மூத்தவர் காது கொடுக்கவும் தனியே பயிற்சி வேண்டும் என்று விமான உலகம் அதன் பின்னரே ஏற்றுக்கொண்டது. குருவின் சொல்லுக்கு மறுசொல் பேசக் கூசும் நம் நாட்டில் அந்தப் பயிற்சி இன்னும் கூடுதலாகத் தேவை.

இவ்வளவும் கற்ற பிறகு 2009 வந்தது. பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் வேகம் குறைந்து ஸ்டாலை நெருங்கியது. கேப்டன் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். 50 பேர் இறந்தார்கள். ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் வேகத்தைக் காட்டும் கருவிகள் பனியால் தடுமாறின. ஓட்டியவர் கை பின்னாலேயே இழுத்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 38,000 அடியிலிருந்து அட்லாண்டிக் கடல்வரை விமானம் ஸ்டாலிலேயே இறங்கியது. 228 பேர் இறந்தார்கள். பார்க் தப்பிப் பிழைத்து ஏறத்தாழ 97 ஆண்டுகள் ஆகியிருந்தன. கணினியும் ராடாரும் இருந்த அறைகளில், அதே கை அதே பக்கம் இழுத்தது.

தச்சன் மகனுக்கு உளி சொத்தாக வந்துவிடும். உளி பிடிக்கும் பதம் அப்படி வராது. விமானப் பாடமும் அந்த வகை. நூலகத்தில் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையின் கைக்கும் அதை ஒருவர் புதிதாகக் கொடுக்க வேண்டும். இந்த இரு விபத்துகளுக்குப் பின் ஸ்டால் பயிற்சி உலகெங்கும் திருத்தப்பட்டது. அமெரிக்கா இன்னொன்றும் செய்தது. ஏர்லைனில் துணை விமானியாகச் சேரப் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று 2013இல் விதித்தது. அந்த மணிகளைச் சேர்க்கப் பலருக்கு இருக்கும் வழி பயிற்றுநர் வேலை. நேற்றுத் தேறியவர் இன்று ஆசிரியர், நாளை ஏர்லைன். கற்பித்தல் ஒரு காத்திருப்பு அறையாகிவிட்டது. கோஸ்போர்ட்டுக்கு முந்தைய நாட்களின் சாயல் இதில் தெரிகிறது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். விமானப்படை விபத்துகளை ஆராய 1982இல் அமைந்த லா ஃபோன்டேன் குழு, மெதுவான பயிற்சி விமானத்துக்கும் மிக்-21 போர் விமானத்துக்கும் நடுவே ஒரு படி வேண்டும், அதற்கு நவீன ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று சொன்னது. மிக்-21 தரையைத் தொடும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். போர் விமான விபத்துகளை ஆராய 1997இல் அப்துல் கலாம் தலைமையிலும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்த நடுப்படியாக வந்த ஹாக் பயிற்சி விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல்; பீதரில் அது பணியில் சேர்ந்தது 2008இல். 1982இலிருந்து இடைப்பட்ட 26 ஆண்டுகளில் இளம் விமானிகள் ஏணியில் இல்லாத படியைத் தாவித் தாவியே கடந்தார்கள். தாவ முடியாமல் விழுந்தவர்களின் வீடுகளுக்கு ‘விமானியின் பிழை’ என்ற சொல் போய்ச் சேர்ந்தது. படியை வைக்காதவர்களின் பிழைக்குப் பெயரே இல்லை.

சிவில் துறையிலும் இதே கவலை உண்டு. இண்டிகோவும் ஏர் இந்தியாவும் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. வணிக விமானி உரிமத்துக்கு இங்கே 200 மணி நேரம் பறக்க வேண்டும். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு, அந்த 200 எத்தனை மாதத்தில் முடியும் என்பதே கேள்வியாகிறது. 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ்களால் உரிமம் பெற்ற விமானிகள் கைதானார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய புகார்களும் வெளிவந்தன. மணிக்கணக்கு மட்டுமே குறியானால் அதன் முடிவு அதுதான்.

கேட்க வேண்டியவை வேறு. என் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பார்? அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ஒரு நாளில் அவர் எத்தனை மணி நேரம் வெயிலில் வேகும் அந்தச் சிறிய கேபினில் உட்காருகிறார்? வானிலை சரியில்லை என்று அவர் சொன்னால் அவருடைய சம்பளம் குறையுமா? பறந்த மணிக்குத்தான் கூலி என்றால், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்கு அவரே விலை கொடுக்க வேண்டியிருக்கும். பயிற்றுநருக்கு நிலையான ஊதியம், ஓய்வு நேரத்துக்குக் கறாரான விதி, ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் திரும்பிவந்து கற்பிக்க வழி, ஆசிரியருக்கே ஆண்டுதோறும் மறுபயிற்சி. கட்டணத்தில் இவற்றுக்காகக் கொஞ்சம் கூடினாலும் நாம் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

நல்ல ஆசிரியரின் காலை இப்படித்தான் தொடங்கும். இறக்கையின் அடியில் குனிந்து, கண்ணாடிக் குவளையில் சிறிது பெட்ரோல் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார். இளநீல எரிபொருளின் அடியில் தண்ணீர் ஒரு மணிபோல உருண்டு நிற்கிறதா என்று மாணவரைப் பார்க்கச் சொல்கிறார். நேற்றும் பார்த்தோமே என்று மாணவர் நினைக்கலாம். நேற்று பார்த்தது நேற்றோடு சரி.

பிறகு ஒரு நாள் ஓடுபாதையருகே விமானத்தை நிறுத்தி, ஆசிரியர் இறங்கிக்கொள்கிறார். ஒருவர் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சட்டென்று மேலேறுகிறது. மாணவர் தனியாக வட்டமடித்து அந்தக் கடைசி வளைவுக்கு வருகிறார். புல்தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் கை, தன்னையறியாமல், மெல்ல முன்னால் நகர்கிறது.