டிராப்-டவுன் லிஸ்ட்ல உங்க ஆப்ஷன் இல்லைன்னா என்ன ஆகும்?

மாநிலம், பாலினம், வங்கிக் கிளை... எந்த ஆன்லைன் படிவத்தைத் திறந்தாலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். தட்டினால் பட்டியல் விரியும். ஒன்றைத் தேர்வு செய்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவோம். நமக்கான பதில் அந்தப் பட்டியலிலேயே இல்லைன்னா?

உள்ளே என்ன நடக்குது?

திரையில் நாம் பார்ப்பது சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு குறியீடு இருக்கும். 'சப்மிட்' கொடுத்ததும் சர்வருக்குப் போவது பெரும்பாலும் அந்தக் குறியீடுதான். அது அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே டேட்டாபேஸில் சேரும். ஒரே ஊரின் பெயரைப் பத்து பேர் பத்து விதமாக டைப் செய்யும் குழப்பம் இதனால் வராது. ஆனா, பட்டியலைத் தயாரித்தவர் சேர்க்காத பதிலைப் பதிவு செய்யவும் வழி கிடையாது.

பான் கார்டில் என்ன நடந்தது?

மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரல் 15-ல். ஆதாரில் திருநருக்குத் தனி ஆப்ஷன் இருந்தது. பான் விண்ணப்பத்திலோ ஆண், பெண் மட்டும்தான்.

2017 ஜூலை முதல் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஆதார் கட்டாயமானது. பானுடன் இணைக்க, பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் திருநர் என்று பதிந்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். 2018 ஏப்ரலில்தான் மத்திய நேரடி வரிகள் வாரியம் விதியைத் திருத்தி அந்த ஆப்ஷனைச் சேர்த்தது. தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகள் கழித்து!

அதோடு முடிஞ்சுதா?

இல்லை. பாலினத்துக்கு ஆதாரமாக எந்த ஆவணம் செல்லும் என்பது இன்னொரு பட்டியல். 2019-ம் ஆண்டு திருநர் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை பான் விண்ணப்பத்துக்கு ஏற்பதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டதை, 2024-ல் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது.

நீங்க படிவம் உருவாக்குபவரா?

மூன்று கேள்விகள் போதும். இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா? பட்டியல் இன்றைய சட்டத்தோடு பொருந்துகிறதா? இதை வாங்கிக்கொள்ளும் அடுத்த சிஸ்டத்திலும் அதே ஆப்ஷன்கள் இருக்கா?

மூன்றாவதை மறந்தால், உங்கள் படிவத்தில் சரியாகப் பதிந்தவர் அடுத்த கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வார்.