கற்றவனுக்குக் கைவேலை கொடுங்கள்!

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் சுடர் விடுகிறது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று லட்சக்கணக்கான மக்கள் முழங்குகிறார்கள்.

அந்தச் சுடருக்குப் பின்னால் எத்தனை கைகள்! மலையேறித் தீபம் ஏற்றுவோர் பர்வதராஜ குலத்தார். கருவறையில் பூஜை செய்வோர் சிவாச்சாரியார்கள். தேவாரம் பாடுவோர், நாதஸ்வரம் வாசிப்போர், மடைப்பள்ளியில் சமைப்போர், தேருக்குக் கட்டை போடுவோர் என்று வரிசை நீள்கிறது.

பல குலத்தார் கூடி உழைப்பது பழைய வழக்கந்தான். ஆனால், ஒரே வேலையைப் பல குலத்தார் பக்கத்தில் நின்று செய்வது புதிது. சோதனையும் அங்கேதான்.

எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் தமிழக அரசு ஆணையிட்டது. அடுத்த ஆண்டு ஆறு பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலையில் அமைந்தது. ஆறு பள்ளிகளிலும் 200-க்கு மேற்பட்டோர் தேறினர். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 14-ல் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. இருபது வயதில் படித்து முடித்த இளைஞன் முப்பதைத் தாண்டி விட்டான்!

ஆணை கையில் வந்தால் போதுமா? போதாது. அர்ச்சகர் பலருக்குச் சம்பளம் சொற்பம். தட்டில் விழும் காணிக்கையே குடும்பத்தைக் காக்கிறது. எந்த நேரத்தில் யார் சந்நிதியில் நிற்பது என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. அது வயிற்றுப் பிரச்சினை. புதியவரை ஒதுக்குப்புறச் சந்நிதியிலேயே நிறுத்தி வைத்தால், சட்டம் வென்றும் மனிதன் தோற்றவனாவான்.

பரம்பரை அர்ச்சகருக்கும் அச்சம் உண்டு. தலைமுறை தலைமுறையாய் இருந்த பிழைப்புப் போய் விடுமோ என்ற அச்சத்தை ஏளனம் செய்வது நிர்வாகம் ஆகாது.

அதிகாரிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. முறை வரிசையை எழுதிப் பலகையில் ஒட்டட்டும். மூத்தவர் கற்றுத் தர, இளையவர் பணிந்து கற்கட்டும். குறை சொல்ல வருபவரை, அவர் யாராயினும், உட்கார வைத்துக் கேட்கட்டும்.

மலை மேல் நெய்யும் திரியும் கொப்பரையும் சேர்ந்தால்தான் தீபம் எரியும். மலையடியிலும் அப்படித்தான்!