பேர் பெரிசா, வேலை பெரிசா?



ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டைக் கையில் எடுக்கும்போது எந்தக் கம்பெனி என்றா கேட்கிறோம்? த்ரெட் சேருதா, லோடு தாங்குதா, அவ்வளவுதான். ஆனா காமிரா லென்ஸ் என்று வந்துவிட்டால் மட்டும் நம் முதல் கேள்வியே, "கம்பெனி லென்ஸா, வெளி லென்ஸா?" என்பதுதான். கம்பெனி லென்ஸ்னா உசத்தி, வெளி லென்ஸ்னா மட்டம். இந்த எண்ணம் சரிதானா? கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே!

சோனி 2016ல் தன் ஃபுல் ஃப்ரேம் காமிராக்களுக்கு 24-70 எஃப் 2.8 ஜிஎம் லென்ஸைக் கொண்டு வந்தது. எடை 886 கிராம். அமெரிக்காவில் விலை சுமார் 2,200 டாலர். 2018ல் டாம்ரான் அதே காமிராவுக்கு 28-75 எஃப் 2.8 லென்ஸை இறக்கியது. எடை 550 கிராம், விலை சுமார் 800 டாலர். இரண்டிலும் அதே எஃப் 2.8 தான், வெளிச்சத்தில் குறையில்லை. அப்போ விலை மட்டும் எப்படிக் குறைந்தது?

ஒரு காரணம் 24க்கும் 28க்கும் நடுவில் இருக்கிறது. வெறும் 4 மி.மீ. தானே என்று நினைக்காதீங்க. சென்சாரின் அகலம் 36 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 24ல் நாலரை மீட்டர் அகலம் விழும், 28ல் 3.9 மீட்டர்கூட வராது. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் ஒருத்தர் அவுட்! பின்னால் நகர இடமிருந்தால் கவலையில்லை. முதுகு சுவரில் முட்டினால்தான் அந்த 4 மி.மீ.யின் அருமை தெரியும். டாம்ரான் லென்ஸின் மேல் ஃபோகஸ் மாற்றும் சுவிட்சும் கிடையாது. காமிராவில்தான் மாற்ற வேண்டும். ஆக, இது மட்டமான சரக்கு அல்ல. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று யோசித்துச் செய்த சரக்கு. அந்த 24 கட்டாயம் வேணும் என்பவர்களுக்கு 2019ல் சிக்மா 24-70 வந்தது. விலை சுமார் 1,100 டாலர். ஆனா எடை 800 கிராமுக்கு மேல்!

சரி, வெளி லென்ஸில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது கண்ணாடியில் அல்ல, மவுண்ட்டில். காமிராவும் லென்ஸும் மின்முனைகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பாஷை காமிரா கம்பெனியின் சொத்து. சோனி 2011ல் இ-மவுண்ட்டின் விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்கும் தர முன்வந்தது. ஆனாலும் சோனி ஏ1 காமிரா நொடிக்கு 30 படம் எடுக்கும்; வெளி லென்ஸ் மாட்டினால் 15தான். கேனான் ஆர்எஃப் கதை இன்னும் கறார். 2022ல் விட்ராக்ஸ் கம்பெனியை ஆர்எஃப் லென்ஸ் விற்பதை நிறுத்தச் சொன்னது. 2024ல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் லைசென்ஸ் கிடைத்தது; அதுவும் சின்ன சென்சாருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு! சாவி அடுத்தவன் கையில் இருக்கும் வீட்டில் குடியிருப்பது போலத்தான் இது.

என் கருத்து இதுதான். ஓடும் விளையாட்டைப் படமெடுத்துப் பிழைப்பவருக்கும், சின்ன அறையில் கூட்டத்தை அடக்க வேண்டியவருக்கும் கம்பெனி லென்ஸ் வீண் செலவல்ல. ஆனா படிப்பை முடித்துக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் நம்மைப் போன்றவர்கள் பேருக்காக மட்டும் மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு ஃப்ளாஷும் ஸ்டாண்டும் வாங்கலாமே! இன்னொன்று: 2022ல் சோனி தன் லென்ஸைப் புதுப்பித்தபோது எடை 695 கிராமாக இறங்கிவிட்டது. போட்டி இல்லாவிட்டால் இந்த அக்கறை வந்திருக்குமா?

கடைக்குப் போகும்போது உங்க காமிராவையே கொண்டு போங்க. லென்ஸை மாட்டி, ஃபோகஸ் பிடிக்குதா, நாலு மூலையும் தெளிவா விழுதா என்று எடுத்துப் பாருங்க. அளந்து பார்த்து வேலை செய்யக் கற்றவர்கள் நாம். அளக்காமல் காசை எடுத்து நீட்டலாமா?