அயல்நாட்டு மாணவரும் நமது நோயாளரும்

மருத்துவக் கல்வியின் இறுதிக் கட்டத்தில் சில வாரங்களைத் தாம் விரும்பும் நாடொன்றின் மருத்துவமனையில் கழிப்பது பிரிட்டன் முதலிய மேலை நாட்டு மாணவரிடையே நெடுங்கால வழக்கமாகும். அவர்களுள் ஒரு பகுதியினர் இந்தியாவைத் தேர்ந்துகொள்கின்றனர். தம் நாட்டில் பெரும்பாலும் நூல்களில் மட்டுமே காணக்கூடிய முற்றிய காசநோய், மூட்டுவாதக் காய்ச்சலால் பழுதுற்ற இருதய வால்வு, பாம்புக்கடி ஆகியவற்றை இங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் நேரிற் காணலாம் என்பது அதற்கு ஒரு காரணம். நாமும் அவர்களை விருந்தினராகவே வரவேற்கிறோம். ஆனால் அவ்வரவேற்பில், கட்டிலிற் கிடக்கும் நோயாளியின் விருப்பத்தை நாம் கேட்பதுண்டா? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், வட இந்திய நகரமொன்றில் நான் பணியாற்றிய அரசு மருத்துவமனைக்குப் பிரிட்டனிலிருந்து ஒரு மாணவர் ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தார். அடக்கமும் உழைப்பும் உடையவர். நாள்தோறும் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாலையில் என்னிடம் காட்டுவார். முதல் வாரத்துக் குறிப்புகள் எதிர்பார்க்கக்கூடியவையே. ஒரு கட்டிலில் இரு நோயாளர். கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர். புறநோயாளர் பிரிவில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும் டாக்டரின் நேரம். எப்போதும் ஓயாத இரைச்சல். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆதலின் நான் எதனையும் மறுக்கவில்லை. இந்தி அறிந்த நம் மாணவர் ஒருவரைத் துணைக்குக் கொடுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஒரே நோயாளியின் உறவினருடன் இருந்து பார்க்குமாறு மட்டும் கூறினேன்.

அவ்வாறே அவர் தொடை எலும்பு முறிந்த இளைஞன் ஒருவனின் தந்தையைப் பின்தொடர்ந்தார். இரத்த மாதிரியைச் சோதனைச் சாலைக்குக் கொண்டு சென்றவர் அத்தந்தை. மருந்துச் சீட்டுடன் வரிசையில் நின்றவரும், இரத்த வங்கியில் தம் இரத்தத்தைக் கொடுத்தவரும் அவரே. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் குப்பி தீரும் தறுவாயில் செவிலியை அழைத்ததும், படுக்கைப் புண் வராதிருக்க மகனைப் புரட்டி விட்டதும் அவர்தாம். அன்று அவர் பதினொரு முறை மாடி ஏறி இறங்கியதாக மாணவரின் குறிப்பு கூறியது. நெரிசலுக்குக் காரணமென முதல் வாரத்தில் எழுதப்பட்ட உறவினர், மருத்துவமனையின் சம்பளமில்லாத பணியாளர் என்பது அவருக்கு விளங்கியது. சிகிச்சை இலவசமேயாயினும் தந்தை இழந்த கூலி இலவசமன்று என்பதும் விளங்கியது. 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆனால் உறவினர் இழக்கும் கூலியை அது ஈடுசெய்வதில்லை. இதனை நன்கறிந்த நாம், அறிந்ததாலேயே கவனியாது விட்டிருந்தோம்.

மூன்றாம் வாரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓரிரவு விபத்துப் பிரிவில் கூட்டம் மிகுந்திருந்தது. பணியில் இருந்தோர் இரு பயிற்சி டாக்டர்களே. முன்கை கிழிந்து வந்த கொத்தனார் ஒருவர் நெடுநேரம் காத்திருந்தார். பயிற்சி டாக்டர் ஒருவர், தையல் ஊசியையும் அதனைப் பற்றும் இடுக்கியையும் நம் விருந்தினரிடம் கொடுத்து, தைக்குமாறு கூறிவிட்டு அடுத்தவரிடம் சென்றார். மாணவர் ஆறு தையல் இட்டார். அவை சரியாகவே இருந்தன. கொத்தனார் கைகூப்பி, "டாக்டர் சாகிப்" என்று நன்றி கூறிச் சென்றார்.

மறுநாட் காலை மாணவர் என்னிடம் வந்தார். "அவர் என்னை டாக்டர் என்று எண்ணினார். நான் மாணவன் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மொழியில்லை. என் நாட்டில் மேற்பார்வையின்றி இதனைச் செய்ய என்னை விட்டிருக்க மாட்டார்கள்" என்றார். புண் ஆறியது, எவரும் முறையிடவில்லை. ஆயினும் குற்றம் எங்களுடையது; குறிப்பாக என்னுடையது. அவர் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை நான் எழுத்திற் கொடுத்திருக்கவில்லை.

அதன் பின்னர் 'வித்யார்த்தி' என்று இந்தியில் எழுதிய அட்டையை அவர் சட்டையிற் குத்திக்கொண்டார். ஒவ்வொரு கட்டிலருகிலும் அவர் இன்னார், பார்க்க மட்டுமே வந்தவர், விருப்பமில்லையேல் விலகிக்கொள்வார் என்று நம் மாணவர் நோயாளிக்கு எடுத்துச் சொன்னார். பெரும்பாலோர் இசைந்தனர். ஒரு மூதாட்டி மட்டும் வேண்டாமென்று தலையசைத்தார். விருந்தினர் திரைக்கு அப்பால் சென்று நின்றார். மூதாட்டிக்குரிய சிகிச்சையில் எக்குறைவும் நேரவில்லை. பார்வையிட வந்த மாணவரை மறுத்த நோயாளியை எங்கள் விடுதியில் அதற்கு முன் நான் கண்டதில்லை. அதற்கு முன் எவரையும் கேட்டதில்லை என்பதே காரணம்.

சம்மதம் என்பது வெறும் சம்பிரதாயமன்று. சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நோயாளியின் சம்மதம் தன் விருப்பத்தின்படியும், செய்யப்போவது இன்னதென்று போதிய அளவு அறிந்தும் அளிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. வலியுடன் காத்திருந்த கொத்தனார் அளித்தது மௌனமே. வெள்ளை மேலங்கி அணிந்த எவரையும் டாக்டர் என்று கொள்வதே அவர் வழக்கம். மறுக்கலாம் என்பதை அறியாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது முறையன்று. வெளிநாடு செல்லும் மாணவர் தம் பயிற்சிக்கு மேற்பட்ட சிகிச்சைச் செயல்களில் இறங்கலாகாது என அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அனுப்புவோர் அறிவுறுத்தியதை ஏற்போரும் காக்க வேண்டாமா?

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. கை குறைவான இடத்தில் வந்த கையை ஏன் விலக்க வேண்டும் என்பது ஒன்று. நம் மாணவரும் இவ்வாறே கற்கின்றனரே என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது. ஆறு வாரத்தில் விமானமேறிச் செல்பவரின் கையைக் கொண்டு ஆட்குறைவு தீராது. தைத்த புண் பின்னர் சீழ் கொண்டால் அதனைப் பார்க்க அவர் இங்கு இருக்க மாட்டார். இரண்டாம் மறுப்பு கடினமானது. அதில் உண்மையும் உண்டு. நம் மாணவர் நோயாளியின் மொழியை அறிவார். தம் ஆசிரியருக்குப் பொறுப்பானவர். தொடர்ந்து இங்கேயே இருப்பவர். எனினும் தாம் மாணவர் என்று கூறும் கடமை அவருக்கும் உண்டு. அதனை அவர் பெரும்பாலும் செய்வதில்லை. செய்யுமாறு நாம் கற்பித்ததும் இல்லை. விருந்தினரின் மனவுறுத்தல் நம் வீட்டுப் பழக்கத்தை நமக்குக் காட்டிற்று என்பதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை.

கையால் எதுவும் செய்யாமற் பார்ப்பதால் மட்டும் என்ன பயன் என்று மாணவர் கேட்கலாம். பொறுமையுடன் பார்த்து எண்ணியதால் உலக மருத்துவமே மாறிய வரலாறு நம் நாட்டில் உண்டு. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் ஒன்றுசேர்ந்தன. பிரிட்டனைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். ஏழை நோயாளருள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றோர் நெரிசல் மிக்க தம் வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கூடுதலாகக் கிடைத்தன. எனினும் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் காட்டின. நோயாளரின் வீட்டுப்படி ஏறிச் சென்று, மருந்து உட்கொண்டாரா என்று விசாரித்து, குறித்துவைத்த உழைப்பே அம்முடிவுக்கு அடிப்படை. சானடோரிய முறை பிற நாடுகளிலும் கைவிடப்படுவதற்கு அது பெருந்துணையாயிற்று.

ஆகவே வெளிநாட்டு மாணவரை ஏற்கும் நம் மருத்துவமனைகள் சில விதிகளை வகுத்துக்கொள்வது நலம். மாணவர் என்பதை அவ்வட்டார மொழியில் எழுதிய அட்டையை அவர் அணிதல் வேண்டும். நோயாளியின் மொழியறிந்த ஒருவர் அவரை அறிமுகம் செய்து, மறுத்தால் சிகிச்சை குறையாது என்பதையும் கூற வேண்டும். ஊசி, தையல், பிரசவம் முதலிய எதிலும் அவர் கைவைத்தல் கூடாது. நோயாளியைப் படமெடுத்தல் கூடாது. விடைபெறுமுன் தாம் கண்டவற்றை டாக்டர்களுக்கும் செவிலியருக்கும் அவர் கூற, நாம் கேட்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டும் நம் மாணவருக்கும் உரியவை.

இவற்றிற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஓர் அட்டையும், கட்டிலருகே அரை நிமிடப் பேச்சுமே வேண்டுவன. அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைக்கு அளிக்க நம்மிடம் போதிய கட்டில்களும் போதிய நேரமும் இன்னும் இல்லை. "இவர் மாணவர், தாங்கள் இசைகிறீர்களா?" என்ற கேள்வியையேனும் அவருக்கு அளிக்க நம்மால் இயலும். அதனை இன்றே தொடங்கலாம்.