தீவை 'முடிச்சிட்டு' வர்றவங்களுக்கு

போன வெள்ளிக்கிழமை ஆணி எல்லாம் புடுங்கி முடிச்சு, சில்க் போர்டு சிக்னல்ல பாதி ஆயுசைத் தொலைச்சிட்டு வீடு வந்து சேரும்போது மணி எட்டரை. லிஃப்ட்டுல மேல் மாடிக்காரர் மாட்டினார். இல்ல, நான்தான் அவர்கிட்ட மாட்டினேன். திருப்பூர்க்காரர், நல்ல மனுஷன், பெங்களூர் வந்து பதினஞ்சு வருஷமாச்சு. "சார், நீங்க ராம்நாட் சைடுதானே? அடுத்த லாங் வீக்கெண்டுக்கு ஃபேமிலியோட ராமேஸ்வரம் போறோம். வெள்ளி ராத்திரி கிளம்புறோம். சனிக்கிழமை ஒரே நாள்ல முடிச்சிடலாம்ல?"

முடிச்சிடலாமா! என்னமோ பெண்டிங்ல கிடக்குற டிக்கெட்டை க்ளோஸ் பண்ற மாதிரி. ஒரு தீவை எப்படிங்க முடிக்கிறது?

ஃபோனை எடுத்து பிளானைக் காட்டினார். காலைல 22 தீர்த்தம், தரிசனம். பத்து மணிக்குக் கலாம் நினைவிடம், இருபது நிமிஷம். பதினொண்ணுக்கு 'பேய் ஊர்', ஃபோட்டோ ஷூட். மதியம் மீன் சாப்பாடு. மூணு மணிக்குப் பாம்பன் பாலத்துல செல்ஃபி, அப்படியே மதுரை. போக 600 கிலோமீட்டர், வர 600 கிலோமீட்டர். நடுவுல தீவுக்குக் கிடைக்கிறது எட்டோ ஒம்பதோ மணி நேரம். லிஃப்ட் எங்க மாடியில நின்னுடுச்சு, நான் "சொல்றேன் சார்"னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டேன். ராத்திரி தூக்கம் வரல. தங்கமணி "அவர் போனா உங்களுக்கென்ன, விடுங்களேன்"னாங்க. விட முடியல. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அக்னி தீர்த்தத்துல முழுகி, திதி கொடுத்துட்டுத் திரும்புறவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லல. அவங்க வந்த காரியம் வேற. என் சண்டை எல்லாம், "அந்தத் தீவுல என்ன சார் பண்றது, ஒரு நாள் போதாதா?"னு கேக்குற நம்ம ஆளுங்களோடதான். இதே ஆளுங்க மாலத்தீவு போனா நாலு ராத்திரி தங்குறாங்க. அங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டா, "சும்மா கடலைப் பார்த்துக்கிட்டு இருந்தோம் சார், சொர்க்கம்!" அப்படிங்கிறாங்க. சும்மா பார்க்கிறதுக்கு நம்ம ஊர்க் கடல் ஆகாதா?

ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் 'பேய் ஊர்'ங்கிற வார்த்தை. இப்ப யூட்யூப்ல தட்டினா தனுஷ்கோடிக்குப் பேரே அதுதான். பின்னாடி ஒரு ஊளைச் சத்தம், இடிஞ்ச சர்ச்சு மேல ட்ரோன், "ஆள் நடமாட்டமே இல்லாத மர்ம நகரம்"னு ஒரு குரல். ஆள் நடமாட்டம் இல்லையாம்! அந்த வீடியோ எடுத்தவனுக்கு மீன் பொரிச்சுக் கொடுத்தது யாரு? ஆவியா?

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது உண்மை. பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் ரயிலை, ஊர் வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கடல் அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. உள்ள இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தரும் பிழைக்கல. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ் எல்லாம் போச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம் அதை மனுஷன் வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சது. ஆனா மீன்பிடிக் குடும்பங்க திரும்பி வந்துட்டாங்க. கடல் அங்கதானே இருக்கு, தொழில் அங்கதானே இருக்கு. ஓலைக் குடிசை போட்டு, மணலைக் கையால தோண்டி ஊத்துத் தண்ணி எடுத்துக் குடிச்சு (ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடு மணல்ல நல்ல தண்ணி, அதை நின்னு பார்த்தாலே போதும்) தலைமுறைகளா இருக்காங்க. அங்க அரசுப் பள்ளிக்கூடம் இருக்கு. அதுல சத்தமாப் பாடம் படிக்கிற பிள்ளைங்க இருக்கு. அந்தப் பிள்ளைங்க கிட்டப் போய் "இது பேய் ஊராமே?"னு உங்களால கேக்க முடியுமா?

சரி, யோக்கியன் மாதிரி பேசுறேனே, என் கதையையும் சொல்லிடறேன். 2006-ல எங்க டீம்ல பன்னிரண்டு பேர் கிளம்பிப் போனோம். அப்ப முனைக்குத் தார் ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும். அங்கிருந்து மணல்லயும் தண்ணியிலயும் உருண்டு புரண்டு போற வேன்தான். நாங்க போட்ட ஆட்டத்தைக் கேக்காதீங்க. சர்ச்சுக்குள்ள நான் வெள்ளைத் துண்டைத் தலையில போத்திக்கிட்டுப் பேய் மாதிரி நின்னேன், எல்லாரும் படம் எடுத்தாங்க. வெளிய சங்கு மாலை வித்துக்கிட்டு இருந்த ஒரு பாட்டி என்னையே பார்த்துச்சு. "எந்த ஊருப்பா?"ன்னு கேட்டுச்சு. நான் சட்டுனு "பெங்களூரு"ன்னேன். "பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே"ன்னுச்சு. நான் சிரிச்சு மழுப்பிட்டு ஒரு மாலை வாங்கினேன். பாட்டி சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கிட்டே, கருவேலம் புதர் பக்கம் கையைக் காட்டி, "அங்கனதான் எங்க வீடு இருந்துச்சு"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர்ல வீடு. என் ஊரைச் சொல்ல வாய் வரல.

அந்தத் துண்டு படம் இன்னும் என் பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. அழிக்கவும் மனசு வரல, தெறந்து பார்க்கவும் தைரியம் வரல.

இப்ப நம்மள மாதிரி பொழைப்புக்கு ஊரை விட்டு வந்தவங்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். தனுஷ்கோடி ஒண்ணும் சினிமா செட் இல்ல. அது ஒரு வாசல். 1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையில ரயில் ஏறி, தனுஷ்கோடியில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயில்ல கொழும்பு போனாங்க. போட் மெயில்னு பேரு. நடுவுல கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களை மண்டபம் முகாம்ல அடைச்சு வச்சு, நோய் நொடி பார்த்துத்தான் கப்பல் ஏத்தினாங்க. பின்னாடி இலங்கையில சண்டை மூண்டப்ப உயிர் பிழைச்சு வந்தவங்களைத் தங்க வச்சதும் அதே மண்டபம்தான். 2022-ல அங்க பஞ்சம் வந்தப்ப கைக்குழந்தையோட வந்த குடும்பத்தைப் படகுக்காரங்க இறக்கி விட்டுட்டுப் போனது அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுல. நாம மெஜஸ்டிக்ல ஒரு சூட்கேஸோட வந்து இறங்கினதைப் பெரிய சோகமா எழுதுறோமே, அந்த முனையில நின்னு நம்ம பிள்ளைங்க கிட்ட இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் இல்லையா? ட்ரோன் விட மட்டும் அரை மணி நேரம் இருக்கா?

சரி சரி, "திட்டுறதை நிறுத்திட்டு என்ன பண்ணணும்னு சொல்லு"ங்கிறீங்க. முதல் வேலை, ரெண்டு ராத்திரி தங்கணும். அது இல்லாம நான் சொல்றது எதுவும் நடக்காது. முடிஞ்சா மதுரையில காரை விட்டுட்டு ரயில்ல போங்க. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. கப்பல் வந்தா ஆளுங்க நெம்புகோலைப் பிடிச்சுக் கையால சுத்தித் தூக்கின பாலம் அது. 64 புயல்ல மத்த கர்டர்ல பெரும்பாலானது கடலுக்குள்ள போனப்பவும் அந்தத் தூக்குப் பகுதி நின்னுச்சு. ஸ்ரீதரன் (ஆமா, மெட்ரோ ஸ்ரீதரன்தான்) அப்ப இளம் இன்ஜினியர். 46 நாள்ல பாலத்தைச் சரி பண்ணிக் காட்டினார். நம்ம ஊர் மேம்பாலங்களை நினைச்சுக்கிட்டுப் படிங்க :-) புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல மெதுவாப் போற ரயில். பிள்ளைங்க ஜன்னலை விட்டு நகராது.

இறங்கினதும் கோவிலுக்கு ஓடாதீங்க. தங்கச்சிமடம் பக்கம் போய்ப் பாருங்க, மல்லிகை நாத்து வளர்க்கிற தோட்டங்க இருக்கு. மல்லேஸ்வரத்துல முழம் போட்டு வாங்கி "மதுரை மல்லி, அதே வாசனை"ன்னு உருகுறோமே, அந்தச் செடியில நிறைய இந்த மணல்ல நாத்தாப் பிறந்து மதுரைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனதுதான்.

தெற்கால சின்னப்பாலம். அங்க பொம்பளைங்க கண்ணாடி மாட்டி, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு முங்கிப் பாசி எடுக்கிறாங்க. ரம்ஜான் நோன்பு திறக்கிறப்ப வைக்கிற கடல்பாசி, கடையில விக்கிற ஜெல்லி எல்லாம் இந்த மாதிரிப் பாசியில இருந்து வர்றதுதான். மாசத்துல இத்தனை நாள்தான் எடுக்கிறது, மீன்பிடித் தடைக் காலத்துல எடுக்கிறதே இல்லைன்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டவங்க. அதுல ஒருத்தர், லட்சுமி, 2015-ல அமெரிக்காவோட சீகாலஜி விருதை வாங்கினார். நம்ம ஆபீஸ்ல சஸ்டெய்னபிலிட்டின்னு ஸ்லைடு போடுறவங்களை அந்தக் கரையில ஒரு காலை உட்கார வைக்கணும். (படம் எடுக்கிறதுன்னா கேட்டுட்டு எடுங்க. அவங்க வேலை பார்க்கிறாங்க.) கிட்டத்துலயே குந்துகால். 1897 ஜனவரி 26-ம் தேதி விவேகானந்தர் வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்து முதல்ல கால் வச்ச கரை. சாயங்காலம் அங்க உட்கார ஒரு பைசா செலவில்ல.

மறுநாள் விடியக்காலைல கோவில். மூணாம் பிரகாரத்துல 1212 தூண். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடங்க, எண்ண வேண்டாம். கலாம் நினைவிடத்துல இருபது நிமிஷம் போதும்னா அதை விட்டுடுங்க, குத்தமில்ல. அதுக்குப் பதிலா, போர்க் காலத்துல ஓடுற ரயில்ல இருந்து தூக்கிப் போட்ட பேப்பர் கட்டைப் பொறுக்கி வித்த சின்னப் பையன் கதையை அந்தத் தெருவுல நடந்துக்கிட்டே சொல்லுங்க.

அப்புறம் தனுஷ்கோடி. 2017-ல இருந்து முனை வரைக்கும் 9.5 கிலோமீட்டர் நல்ல ரோடு. நல்ல ரோடு வந்ததுதான் வினையே, எல்லாரும் எண்பதுல பறக்கிறாங்க. மெதுவாப் போங்க. வடக்க அமைதியா இருக்கிற பாக் ஜலசந்தியைப் பெண்கடல்ங்கிறாங்க, தெக்க முட்டி மோதுற மன்னார் வளைகுடாவை ஆண்கடல்ங்கிறாங்க. முனையில இறங்கிக் குளிக்காதீங்க, இழுத்துடும், விளையாட்டில்ல. பனிக்காலத்துல போனா தேங்கின தண்ணியில பூநாரைக் கூட்டம் நிக்கும். 2025 ஜூன்ல அந்த இடத்தைச் சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. கடையில சங்கு, பாசி மாலை வாங்குங்க, பேரம் பேசாம. பவளப் பாறைத் துண்டு யாராவது நீட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க, சட்டப்படி குத்தம்.

"உனக்கென்னப்பா, ஊர்க்காரன், லீவு போட்டா அம்மா வீடு. எங்களுக்கு மேனேஜர் கொடுக்கிறதே ரெண்டு நாள்"னு பின்னூட்டம் வரும், தெரியும். நியாயம்தான். லீவு இல்லைன்னா பாதியைப் பாருங்க. பாம்பனோட நில்லுங்க, இல்ல தனுஷ்கோடி மட்டும் போங்க. "அந்த வியூஸ்னாலதானே அங்க கடை ஓடுது, மீன் விக்குது"ன்னும் கேப்பீங்க. ஓடுது, ஒத்துக்கிறேன். அந்தக் கடையில மீன் பொரிக்கிற அக்காகிட்ட நின்னு, "அக்கா, இந்தப் பேரு உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் சொன்னாலும் இந்தப் பதிவைத் தூக்கிடறேன்.

மேல் மாடிக்காரருக்கு இதையெல்லாம் சுருக்கி ஞாயித்துக்கிழமை காலைல வாட்ஸ்ஆப்ல அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சுப் பதில் வந்தது: "சூப்பர் சார். ரெண்டு நைட் புக் பண்ணிட்டேன். ட்ரோன் மட்டும் எடுத்துட்டுப் போகலாமா?"

எல்லைப் பகுதி சார், நேவி இருக்கு, போலீஸ்ல கேட்டுக்கங்கன்னு போட்டேன். வீட்டுலயே வச்சிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்.