மூலிகைச் செடிக்கு உயரம் வேண்டும்

ஆடி மாதத்தில் பள்ளி வளாகத்தின் ஒரு மூலையைக் கொத்தி, துளசி, கற்பூரவல்லி, தூதுவளை என்று வரிசையாக நடுகிறோம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தகரப் பலகை ஊன்றுகிறோம். ‘சளிக்கு’, ‘மஞ்சள் காமாலைக்கு’, ‘நினைவாற்றலுக்கு’ என்று அவற்றில் எழுதுகிறோம். ஐப்பசியில் மழை பிடிக்கிறது. கார்த்திகையில் போய்ப் பார்த்தால் பலகைகள் மட்டும் நிற்கின்றன! பலகைக்குக் கொடுக்கும் கவனத்தை வேருக்குக் கொடுத்தால் இந்த நிலை வராது என்பது என் கருத்து.

குறிஞ்சிப்பாடியையே எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. மேற்கே வடலூர், நெய்வேலிப் பக்கம் செம்மண் மேடு. கிழக்கே பெருமாள் ஏரியை நோக்கி நிலம் தாழ்கிறது. மேட்டு நீரெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து சேரும். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் இவ்வட்டாரத்து ஊர்கள் பல வெள்ளத்தில் நின்றதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு எந்தத் தொட்டியும் ஈடுகொடுக்காது. நான் சொல்வது, சாதாரண ஆண்டிலும் முற்றத்தில் நாட்கணக்கில் தேங்கும் கணுக்கால் அளவுத் தண்ணீரைப் பற்றி.

தண்ணீர் தேங்கினால் செடி ஏன் சாகிறது? வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வந்து சேராது. காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் அது நீரில் பரவும். நெற்பயிருக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் பாதைகள் உண்டு. துளசிக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது ஒரு சோதனை. பாத்திரம் கழுவும் நீள்சதுர ஸ்பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக ஊறவையுங்கள். படுக்கை வாட்டில் பிடித்துக்கொண்டு, சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். பிறகு அதைப் பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! ஸ்பஞ்சு அதேதான், உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. நுண்துளைகள் நீரைப் பிடித்து நிறுத்துவதால் அடியில் சில அங்குலம் எப்போதும் நனைந்தே நிற்கும். உயரம் கூடினால் அதற்கு மேலுள்ள, காற்றோட்டமான பகுதி கூடுகிறது. மண்ணும் இப்படித்தான். அதனால்தான் தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டி வேருக்கு நல்லது.

தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. மேலே உள்ள மண் முழுதும் நனைந்து நிறைந்த பிறகுதான் நீர் ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் இறங்கும். ஜல்லி போட்ட அளவுக்கு அந்த ஈர அடுக்கு மேலே ஏறி, வேரை நெருங்குகிறது. ஓட்டைமீது மண் ஒழுகாமல் ஒரு சில்லு வைத்தால் போதும்.

உயர்த்திக் கட்டிய தொட்டி நமக்குப் புதிதல்ல. துளசி மாடம் வேறென்ன? வழிபாட்டுக்காக உயர்த்தியதுதான், ஆனால் வேருக்கும் அது பொருந்திப் போயிற்று. நம் முற்றத்துக்கு இன்னும் மலிவாகக் கிணற்று உறை இருக்கிறது. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமென்ட் உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டடி உயரத் தொட்டி தயார். உறைக்கு அடிப்பாகம் இல்லாததால் நீர் தானே கசிந்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். இதை மாடியில் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். இரண்டு உறைகளின் கொள்ளளவு சுமார் 14 கன அடி. ஈர மண் கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ என்றால் மொத்தம் எவ்வளவு? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. சித்திரை வெயிலில் மேல்மண் சீக்கிரம் காயும். நிலக்கடலைத் தோலை இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

எதை நடலாம்? கற்பூரவல்லியில் ஒரு சாண் தண்டை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் முதலில் சொல்லும் ‘பேசில்’ நம் திருநீற்றுப்பச்சிலைதான். அதன் விதைதான் சர்பத்தில் போடும் சப்ஜா. தூதுவளைக்கு முள் உண்டு, ஓரமாக ஒரு குச்சி நட்டு ஏற்றுங்கள். புதினாவை மட்டும் தனிச் சட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வல்லாரை நேர் எதிரான குணம் உடையது. அதற்கு ஈரமே பிடிக்கும். நிழலில் ஓட்டையில்லாத பழைய பாத்திரம் போதும். சாக்கடை ஓரத்தில் பறித்த வல்லாரையைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். ‘கீழாநெல்லி: மஞ்சள் காமாலைக்கு’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சென்னை ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஹெபடைடிஸ்-பி வைரசை உடலில் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலும், காமாலை என்பது ஒரே நோயல்ல. வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதற்கு நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து விரைவாகத் தேவை. பலகையை நம்பி நான்கு நாள் இலை அரைத்துக் குடித்தால் அந்த நான்கு நாளும் வீண், உயிருக்கே ஆபத்தாகலாம்.

வடலூரில் 1867இல் தருமசாலையை நிறுவிய வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அன்றாட உணவில் சேர்க்கச் சொன்னவர். கீரையாக உண்போம், ரசத்திலும் துவையலிலும் சேர்ப்போம். பலகையில் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், நட்ட தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

தை மாதம் தொடங்கினால் மழைக்கு முன் வேர் நன்றாக ஓடிவிடும். ஒரே துளசியின் நாற்றுகளை இரண்டுறைத் தொட்டியிலும் பக்கத்தில் வெறுந்தரையிலும் நடுங்கள். ஐப்பசி முதல் வாரந்தோறும் உயரத்தை அளந்து எழுதுங்கள். மார்கழி பிறந்ததும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வெள்ளையாக, உறுதியாக இருப்பது எது? பழுப்பேறி விரலில் நசுங்குவது எது?