நான்கு மாட்டுக்கு எவ்வளவு குழி?

உன்சூர், பிரியாப்பட்டணா, நஞ்சன்கூடு பக்கம் முன்மழையில் விதைத்த மக்காச்சோளம் சைலேஜ் பதத்துக்கு வரும் நாட்களில், நம் துறையினர் பலரும் கையில் சைலேஜ் குழியின் வரைபடத்தோடு கிராமத்துக்குப் போகிறோம். போனதும் முதலில் கேட்க வேண்டியது, “கறவை எத்தனை?” என்பது.

மைசூரு மாவட்டத்துப் பால் சங்கங்களில் ஊற்றுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று, நான்கு மாடு வைத்திருப்பவர்கள். மாட்டுக்கு 15 கிலோ சைலேஜ் வீதம் நான்குக்கு நாளொன்றுக்கு 60 கிலோ. நன்றாக அமுக்கிய சைலேஜ் கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ நிற்கும். 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரக் குழியில் 60 கிலோ எடுத்தால் முகப்பு 2 சென்டிமீட்டர்தான் பின்வாங்கும். நம் வெயிலுக்கு 15 சென்டிமீட்டராவது போக வேண்டும். போகாவிட்டால் காற்று உள்ளே இறங்கி ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். கையை விட்டால் சுடும். நான்கைந்து நாளில் பூஞ்சை. குழி போட்டது முறைப்படிதான், மூடியதும் ஒழுங்காகத்தான். திறந்த பிறகுதான் கெடுகிறது. “சைலேஜ் நமக்கு ஒத்துவராது” என்று அந்த விவசாயி சொல்வது இதனால்தான்.

இந்த வீடுகளுக்கு 50 கிலோ பையும் மூடியிட்ட ட்ரம்மும் போதும். 200 லிட்டர் ட்ரம்மில் ஏறி மிதித்து நிரப்பினால் 100 கிலோ பிடிக்கும். இரண்டு நாளில் காலி. பைக்கு எலியும் காக்கையும் எதிரி. ஒரு துளை விழுந்தால் அன்றே ஒட்டி மூட வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை 120 நாளுக்கு ஏழேகால் டன் வேண்டும். சேதத்துக்கும் சேர்த்து எட்டு டன்னாகக் கணக்கிடுங்கள். கேழ்வரகுத் தாள் போர் அதன் பக்கத்தில் இருக்கட்டும். சைலேஜ் அதற்கு மாற்று அல்ல, துணை.

அறுவடைப் பதத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கதிரை ஒடித்துப் பார்த்தால் மணியின் மேல்பாதி மாவாக இறுகி, கீழ்ப்பாதியில் பால் இருக்க வேண்டும். நறுக்கியதைக் கைநிறைய அள்ளி அரை நிமிடம் இறுக்கி விடுங்கள்: உருண்டை மெல்லப் பிரிந்தால் ஈரம் சரி, சாறு சொட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். துண்டு ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் அமுங்கும். கதிரை விற்றுவிட்டுக் காய்ந்த தட்டையை மட்டும் அடைக்கும் ஆசை ஊருக்கு ஊர் இருக்கிறது. விலை வரும்போது ஆசை இயல்புதான். ஆனால் தட்டையில் புளிக்கச் சர்க்கரையும் இல்லை, பாலுக்கு மாவும் இல்லை. கதிரோடு அடைக்க முடியாதவருக்கு நேப்பியர் ஒட்டுப்புல்லை அரைநாள் வாட்டி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு தெளித்து அடைக்கச் சொல்லுங்கள்.

45 நாள் கழித்துத் திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இதமான புளிவாடையும் வர வேண்டும். பிஎச் தாளில் 4-ஐ ஒட்டி நின்றால் நல்லது. அழுகிய வெண்ணெய் நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், அமுக்கல் குறைவு.

ஒரு வழக்கத்தை நாம் முனைந்து நிறுத்த வேண்டும். பூஞ்சை பிடித்த பகுதியை வற்றிய மாட்டுக்கும் கிடாரிக்கும் ஒதுக்குகிறார்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு சினையைக் கலைக்கலாம். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு உள்ள தீவனத்தைக் கறவை தின்றால் அந்த நஞ்சு பாலிலும் இறங்குகிறது. பாலில் அதற்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பூஞ்சை கண்ட பை எருக்குழிக்குத்தான் போக வேண்டும், எந்த மாட்டின் தொட்டிக்கும் அல்ல.